தாதியின் ஏடும் பிள்ளையின் வலியும்



நோயுற்ற குழந்தைக்குப் பணிவிடை செய்வது பெரிய நன்மை என்று சொன்னால் ஆட்சேபிப்பவர் யாருமில்லை. ஆனால் அதே குழந்தையின் கட்டிலருகே ஒருவர் ஏடும் பேனாவுமாக நின்று, அது எத்தனை தடவை அழுதது, எவ்வளவு நேரம் அழுதது, ஊசி போடுமுன் முகம் எப்படி இருந்தது, போட்டபின் எப்படி ஆயிற்று என்று குறித்துக்கொண்டிருந்தால் அதையும் நன்மையென்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைப் பற்றித்தான் ஈண்டு சில வார்த்தைகள் எழுத நினைக்கிறேன். நான் வைத்தியனல்லன், மளிகைக் கடைக்காரன். மதரஸாவில் ஓதியதும் தொடக்கப் பள்ளியில் படித்ததும் தவிர வேறு படிப்பு எனக்கில்லை. ஆயினும் நியாய அநியாயம் பற்றிய கேள்விக்குப் பட்டம் பெற்றவர் மட்டுமே வாய் திறக்க வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லையே.

என் லாத்தாவின் மகள் இங்கே சிங்கப்பூரில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் பல வருஷம் தாதியாக வேலை செய்தவள். பிறகு மேற்படிப்புப் படித்தாள். இப்பொழுது தாதிமை ஆராய்ச்சி நிபுணர் என்ற உத்தியோகத்தில் இருக்கிறாள். இதை நான் கடையில் பெருமையாகச் சொல்லப் போக, வெற்றிலை வாங்க வந்த பெரியவர் ஒருவர், "மிஸ்ஸி வேலைன்னா மருந்து கொடுக்கிறது, கட்டுப் போடுறது, நமக்குத் தெரியும். ஆராய்ச்சின்னா என்ன தம்பி? பச்சைப் பிள்ளைங்களை வச்சுப் பரீட்சை பாக்கிறதா?" என்று கேட்டுவிட்டார். அறியாமையால் கேட்ட கேள்வி என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: படித்தவர்கள் நூறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி அது.

முதலில் அந்த வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். புது மருந்து கண்டுபிடிப்பது இந்தத் தாதியரின் தொழிலன்று. தாதியர் அன்றாடம் செய்கிற காரியங்களைப் பற்றித்தான் அவர்கள் கேட்கிறார்கள். குழந்தையின் கையில் ஊசி ஏற்றும்போது தாயின் மடியில் வைத்துக்கொள்வது நல்லதா, கட்டிலில் படுக்கவைத்துப் பிடிப்பது நல்லதா? சுவாச இயந்திரம் பூட்டிய பிள்ளையை எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்கவைத்தால் முதுகில் புண் வராது? பேச்சு வராத கைக்குழந்தைக்கு வலி இருக்கிறதென்று எப்படி அறிவது? இம்மாதிரியான கேள்விகள். கேட்டால் சின்னக் கேள்விகளாகத் தெரியும். இரவு 2 மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வார்டில் உட்கார்ந்திருக்கும் தாயிடம் போய், இவை சின்னக் கேள்விகளா என்று கேட்டுப் பாருங்கள்.

நல்ல மனம் இருந்தால் போதாதா, அளவும் கணக்கும் எதற்கு என்பது அடுத்த கேள்வி. இதற்குப் பதில் சொல்ல இங்கிலாந்து தேசத்தில் நடந்த ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் அங்கே பல மருத்துவமனைகளில் பிள்ளையைச் சேர்த்துவிட்டால் தாயும் தகப்பனும் வாரத்துக்கு ஒரு நாள் இருநாள்தான் பார்க்கலாம். சில இடங்களில் அதுவும் கிடையாது. காரணம் கொடுமையன்று. தாய் வந்து போனால் பிள்ளை அழுகிறது. தாய் வராவிட்டால் இரண்டு மூன்று நாளில் அழுகையை நிறுத்தி அமைதியாகிவிடுகிறது. ஆகவே தாய் வராமலிருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று தாதியர் உண்மையாகவே நம்பினார்கள். அன்போடுதான் நம்பினார்கள்.

ஜேம்ஸ் ராபர்ட்சன் என்றொருவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் லண்டனில் ஆனா ஃபிராய்டு அம்மையார் நடத்திய குழந்தைகள் விடுதியில் கொதிகலன் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர் அவர். அந்த அம்மையாரிடம் ஒரு வழக்கம்: விடுதியில் எந்த வேலை செய்பவராயினும், பிள்ளைகளிடம் கண்டதைச் சிறு அட்டையில் எழுதித் தரவேண்டும். கொதிகலன்காரருக்கும் அதுவேதான். (நம்மில் எத்தனை முதலாளிகள் கடைப்பையனிடம் நீ என்ன கண்டாய் என்று கேட்டிருப்போம்?) அப்படி எழுதிப் பழகிய மனிதர் பின்னால் டாவிஸ்டாக் நிலையத்தில் சமூக ஊழியராகி, மருத்துவமனைக் குழந்தைகளைக் கவனித்து வந்தார். அமைதியாகிவிட்டது என்று தாதியர் சொன்ன குழந்தை அமைதியாகவில்லை, நம்பிக்கை அற்றுப்போய்க் கிடக்கிறது என்று அவர் கண்டார். முதலில் அழுது எதிர்க்கும். பிறகு சோர்ந்து ஒடுங்கும். அதன் பிறகு தாய் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சொன்னால் யார் நம்புவார்கள்? 1952ஆம் வருஷம் இரண்டரை வயதுகூட நிரம்பாத ஒரு பெண்குழந்தை எட்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைப் படமாக எடுத்துக் காட்டினார். வேண்டுமென்றே அழுமூஞ்சிப் பிள்ளையாகத் தேர்ந்தெடுத்தார் என்று யாரும் சொல்லக்கூடாதென்பதற்காகக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் ஒரு பெயரை எடுத்தார். அழுகிற நேரமாகப் பார்த்து எடுத்தார் என்று சொல்லக்கூடாதென்பதற்காகத் தினமும் குறித்த வேளையில், சுவர்க் கடிகாரமும் தெரியும்படி எடுத்தார். வாங்குகிறவர் கண்ணுக்கு நேரே முள் தெரியும்படி தராசை வைத்து நிறுப்பது போன்ற காரியம் அது. கடைக்காரனாகிய எனக்கு அந்த மனிதரிடம் மரியாதை உண்டானதே இந்த இடத்தில்தான்.

படத்தைப் பார்த்த வைத்தியர்களும் தாதியரும் முதலில் கோபித்துக்கொண்டார்கள். எங்கள் வார்டில் பிள்ளைகள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள் என்றார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனாலும் பேச்சு பரவியது. 1959இல் சர் ஹாரி பிளாட் தலைமையில் அரசாங்கக் குழு அறிக்கை கொடுத்தது. பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம், சிறு பிள்ளையோடு தாய் தங்கவும் வசதி வேண்டும் என்று அது சொல்லிற்று. இன்று நம்மூர் மருத்துவமனையில் பிள்ளையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தாய் படுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறார்களே, அதை நாம் இயல்பான விஷயம் என்று நினைக்கிறோம். ஒரு காலத்தில் அதற்காகச் சண்டை போடவேண்டியிருந்தது.

இனி வலிக்கு வருவோம். 1968இல் வெளிவந்த ஒரு வைத்தியக் கட்டுரை, குழந்தைகளுக்கு வலி மருந்து அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது, அவர்கள் வலியை நன்றாகத் தாங்கிக்கொள்கிறார்கள் என்ற கருத்தைச் சொல்லிற்று. அமெரிக்காவின் அயோவா ராஜ்ஜியத்தில் ஜோ ஈலண்ட் என்ற தாதிக்கு இதில் சந்தேகம். அவர் செய்தது மிகவும் எளிய காரியம். ரணசிகிச்சை ஆன 4 முதல் 8 வயதுவரையுள்ள 25 பிள்ளைகளின் மருந்துக் குறிப்புகளை எடுத்து எண்ணினார். 13 பேருக்கு வலி மருந்து ஒரு வேளைகூடக் கொடுக்கப்படவில்லை. மீதி 12 பேருக்குமாகச் சேர்ந்து 24 வேளை. அதே வகை நோய்க்குச் சிகிச்சை பெற்ற பெரியவர்கள் 18 பேரின் குறிப்பை எண்ணினார்: 671 வேளை. 1977இல் இந்தக் கணக்கு அச்சேறியது.

671க்கு 24. நாற்பது வயதுக்காரனுக்கு அறுத்தால் வலிக்கும், நான்கு வயதுப் பிள்ளைக்கு அறுத்தால் வலிக்காதா? இதைச் செய்தவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. அந்தத் தாதியர் அந்தப் பிள்ளைகளைத் தலைதடவிக் கொஞ்சியிருப்பார்கள், கதை சொல்லியிருப்பார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் பெரியவன் வாய்விட்டுக் கேட்டான், மருந்து வந்தது. பிள்ளை கேட்கவில்லை, கேட்டால் இன்னொரு ஊசி வருமென்ற பயம் வேறு. வாய் உள்ளவனுக்கே சரக்கு என்று நடக்கிற கடையில் ஏழைக்கு அளவு குறையும். எந்தக் கடைக்காரனுக்கும் இது தெரியும். அதனால்தான் தராசு வேண்டும் என்கிறோம்.

தாதியர் அந்தத் தராசையும் செய்தார்கள். 1980களின் தொடக்கத்தில் ஓக்லஹோமா ராஜ்ஜியத்து டல்சா நகரில், தீக்காயம் பட்ட பிள்ளைகளோடு பழகிய டோனா வோங் என்ற தாதியும் கோனி பேக்கர் என்பவரும் பிள்ளைகளையே கொண்டு வட்டத்துக்குள் முகம் வரையச் செய்து, சிரிக்கிற முகம் முதல் அழுகிற முகம் வரை ஆறு முகங்கள் கொண்ட அளவுகோலை உண்டாக்கினார்கள். எந்த முகம் உன்னுடையது என்று பிள்ளையைக் கேட்கிறார்கள். அது விரலால் தொட்டுக் காட்டுகிறது. பேசத் தெரியாத குழந்தைக்கு 1997இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேறொன்று செய்தார்கள்: முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 அல்லது 1 அல்லது 2 போட்டுக் கூட்டினால் பத்துக்குள் ஓர் எண் கிடைக்கும். என் மருமகள் இந்த ஐந்தையும் விரல்விட்டு எண்ணிக் காட்டியபோது, "பிள்ளை அழறதுக்கு மார்க்கு போடுறீங்களா?" என்றேன். "மார்க்கு பிள்ளைக்கு இல்ல மாமா, எங்களுக்கு" என்றாள்.

இதுவரை சொன்னதில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. கடையில் பெரியவர் கேட்ட கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்து எழுதினால் எடை குறைத்து நிறுத்தவன் ஆவேன்.

நியூயார்க் நகரத்து ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்று அரசாங்க விடுதி ஒன்று இருந்தது. மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் அங்கே அடைத்து வைத்திருந்தார்கள். நெருக்கடியும் அசுத்தமும் சொல்லி முடியாது. மஞ்சள் காமாலை அங்கே ஓயாத நோய். 1950களின் நடுவிலிருந்து சால் குருக்மன் என்ற வைத்தியரின் கூட்டத்தார் அங்கே ஆராய்ச்சி செய்தார்கள். சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே அந்தக் கிருமியைக் கொடுத்து நோய் உண்டாக்கிக் கவனித்தார்கள். அவர்கள் சொன்ன சமாதானம், இந்த விடுதிக்கு வருகிற பிள்ளைக்கு எப்படியும் இந்த நோய் வரத்தான் போகிறது என்பது. பெற்றோர் கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். ஆனால் அந்தக் கையெழுத்து எப்படிப்பட்டது? 1964இல் இடமில்லை என்று விடுதிக் கதவை மூடிவிட்டார்கள். ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் இருந்தது. வீட்டில் வைத்துப் பார்க்க வழியற்ற ஒரு தாயிடம், இந்த வாசல் மூடியிருக்கிறது, அந்த வாசல் திறந்திருக்கிறது, கையெழுத்துப் போடு என்றால் அது சம்மதமா? பசித்தவன் அடகு வைக்கிற பொருளுக்கு அவன் சொல்கிற விலையைச் சந்தை விலை என்று யாராவது ஒப்புவார்களா? 1966இல் ஹென்றி பீச்சர் என்ற வைத்தியர் இம்மாதிரியான ஆராய்ச்சிகளை எடுத்துக்காட்டி எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இந்த இடத்தில் மனசைக் கலக்குகிற இன்னொரு விஷயமும் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியிலிருந்து பிரயோஜனம் வராமலில்லை. காமாலையில் இரண்டு வகை உண்டென்பது 1967இல் அங்கிருந்துதான் தெளிவாயிற்று. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கு வழி திறந்த வேலைகளில் அதுவும் ஒன்று. சிங்கப்பூரில் 1987 முதல் பிறந்த குழந்தைகள் எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசி போடப்படுகிறது. நம் பிள்ளைகளின் உடம்பில் ஓடுகிற பாதுகாப்பில் அந்த வில்லோபுரூக் பிள்ளைகளின் பங்கு இருக்கிறது. பலன் நன்றாயிருக்கிறதே என்று செய்ததை நியாயமாக்கிவிடலாமா? கூடாது என்பது என் துணிபு. திருட்டுச் சரக்கு தரமாக இருப்பதனால் திருட்டு வியாபாரமாகிவிடாது.

ஆகவே முடிச்சு சம்மதத்தில் இருக்கிறது. 1947இல் நியூரம்பர்க் நகரில், நாஜி வைத்தியர்களை விசாரித்த நீதிபதிகள் 10 விதிகள் எழுதினார்கள். மனிதனிடம் பரிசோதனை செய்ய அவனுடைய சொந்தச் சம்மதம் அவசியம் வேண்டும் என்பது முதல் விதி. நல்ல விதிதான். ஆனால் மூன்று வயதுப் பிள்ளை எப்படிச் சம்மதிக்கும்? விதியை எழுத்துப்படி எடுத்துக்கொண்டால் பிள்ளைகளிடம் எந்த ஆராய்ச்சியுமே கூடாது.

அப்படியே கூடாது என்று சொன்னவர் ஒருவர் இருந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமய நீதி கற்பித்த பால் ராம்சே என்பவர். அந்தப் பிள்ளையின் சொந்தச் சிகிச்சைக்கு உதவாத ஆராய்ச்சிக்காக அதைத் தொடுவதே தவறு, தீங்கு எதுவும் வராவிட்டாலும் தவறு, பிறர் நன்மைக்காக அதைக் கருவியாக்க எந்தப் பெற்றோருக்கும் அதிகாரமில்லை என்று 1970இல் எழுதினார். இதை மறுத்து 1974இல் ரிச்சர்டு மெக்கார்மிக் என்ற பாதிரியார், அற்ப ஆபத்துள்ள காரியத்தில் பிறருக்கு உதவுவது மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் கடமை. பிள்ளைக்கு அறிவு வந்தால் அதுவும் இதற்கு இணங்கவே வேண்டும். ஆகையால் அதன் சார்பில் பெற்றோர் இணங்கலாம் என்றார்.

இருவர் வாதத்தையும் மருமகள் சொல்லக் கேட்டு, கடை அடைத்தபின் பல இரவு யோசித்திருக்கிறேன். பாதிரியாரின் வாதம் எனக்கு அச்சத்தையே உண்டாக்குகிறது. "அவர் இருந்திருந்தால் இதைக் கொடுத்திருக்க வேண்டியவர்தானே" என்று சொல்லி, ஊரில் இல்லாத ஒருவர் பெயரில் நன்கொடைத் தொகை எழுதிவிடுவது போன்றது அது. ராம்சே சொன்னதோ நெஞ்சுக்கு நேராகப் படுகிறது. ஆனால் அவர் வழியே போனால் முடிவில் எங்கே வந்து நிற்கிறோம்? ஒவ்வொரு தாதியும் தனக்குத் தோன்றியதைச் செய்வாள். 671க்கு 24 என்ற கணக்கு மாறாமல் இருக்கும். பிள்ளைகளைத் தொடமாட்டோம் என்று நாம் கைகழுவிக்கொண்டால், அறியாமையானது அவர்களைத் தொடாமல் விட்டுவிடுமா?

மதரஸாவில் ஓதிய காலத்தில் எத்தீமின் சொத்தைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. நம்மவர் பலருக்கும் ஞாபகமிருக்கும். தகப்பனற்ற பிள்ளையின் சொத்தைப் பராமரிக்கிறவர் அதைக்கொண்டு பிள்ளையின் லாபத்துக்காக வியாபாரம் செய்யலாம். ஆனால் பிள்ளையின் முதலை எடுத்துப் பிறருக்குத் தானம் கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை, அந்தத் தானம் எவ்வளவு உயர்ந்ததாயினும் சரி. அது அமானிதம். உடம்பு சொத்தைவிடப் பெரிய அமானிதம் அல்லவா? ஆனால் அந்த எத்தீமின் தோட்டத்து மரநிழலில் வழிப்போக்கன் ஒருவன் சற்று ஒதுங்கி நின்றால் தோட்டத்தில் எதுவும் குறைந்துபோவதில்லை. பராமரிப்பவர் அவனை விரட்டவும் வேண்டியதில்லை. மரத்தை வெட்டி அவனுக்கு விறகு கொடுத்தால் அது வேறு. நிழலுக்கும் விறகுக்கும் இடையில் கோடு எங்கே என்பதுதான் கேள்வி என்று எனக்குப் படுகிறது.

நான் கடைத் திண்ணையில் யோசித்ததைச் சட்டம் செய்பவர்களும் ஒருவாறு யோசித்திருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கம் 1983இல் போட்ட விதிகளில், அன்றாட வாழ்விலோ வழக்கமான உடல் பரிசோதனையிலோ உள்ளதைவிட மிஞ்சாத ஆபத்து என்று ஒரு வரம்பு கட்டினார்கள். அதற்குமேல் போகப் போக நிபந்தனைகள் கடுமையாகும். பெற்றோர் அனுமதி தந்தாலும், புரிந்துகொள்ளத்தக்க பிள்ளையின் இணக்கமும் வேண்டும். பிள்ளை வாய் திறவாமலிருந்தால் அது இணக்கமாகாது. ராபர்ட்சன் படம் எடுத்துக் காட்டியதும் இந்த மௌனத்தைத்தான் அல்லவா? சிங்கப்பூரில் 2015ஆம் ஆண்டின் மனித உயிரியல் மருத்துவ ஆராய்ச்சிச் சட்டமும், 21 வயது நிரம்பாத பிள்ளைக்கு விளங்கிக்கொள்ளும் அறிவு இருக்குமானால் அப்பிள்ளையின் சம்மதமும் பெற்றோரில் ஒருவர் அல்லது பாதுகாவலரின் சம்மதமும் வேண்டும் என்கிறது.

நிற்க. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வார்டில் நடப்பது வேறு. நாலு நாளாக இரவு பகல் பாராமல் பிள்ளையைக் கவனித்த தாதி வந்து, "அக்கா, ஓர் ஆராய்ச்சி நடக்குது, உங்க பிள்ளையைச் சேர்த்துக்கலாமா?" என்றால் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? கடன் கொடுக்கிற கடைக்காரன் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதாமல் தப்ப முடியுமா? கேட்பவர் நல்லவராக இருக்கிறார் என்பதே இங்கே இடைஞ்சலாகிவிடுகிறது. ஆகையால் கவனிக்கிற கை வேறு, கேட்கிற வாய் வேறு என்று கூடியமட்டும் பிரித்து வைக்க வேண்டும் என்கிறாள் என் மருமகள். அவள் ஒரு தாயிடம் போனால் முதலில் தான் இந்தப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் தாதி அல்ல என்று சொல்கிறாளாம். வேண்டாமென்றாலும் சிகிச்சையில் ஒன்றும் குறையாது என்பதை ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்கிறாளாம். தாளை அங்கேயே கையெழுத்து வாங்காமல், தகப்பனோடு பேசிவிட்டுச் சொல்லுங்கள் என்று விட்டு வருகிறாளாம். இதனால் வேலை மெதுவாக நடக்கிறது என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுப்பதும் உண்டாம்.

கேள்வி கேட்பவருக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. பதில் "இல்லை" என்று வந்தாலும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மார்த்தா கர்லி என்ற தாதி ஆராய்ச்சியாளர் தலைமையில் 31 குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2,449 பிள்ளைகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. சுவாச இயந்திரத்தில் இருக்கும் பிள்ளையை மயக்கத்தில் வைக்கிற மருந்தைத் தாதியரே ஒரு முறைப்படி அளந்து கூட்டிக் குறைத்தால், இயந்திரத்தில் இருக்க வேண்டிய நாட்கள் குறையுமா என்பது கேள்வி. 2015இல் முடிவு வெளியாயிற்று: நாட்கள் குறையவில்லை. அந்த முறையில் பிள்ளைகள் அதிக நேரம் விழித்தும் அமைதியாகவும் இருந்தார்கள், கடுமையான மருந்து கொடுத்த நாட்களும் சற்றுக் குறைந்தன. ஆனால் வலியென்று குறிக்கப்பட்ட நாட்கள் கூடின. இப்படி ஒன்றுக்கொன்று இடிக்கிற கணக்கை அப்படியே அச்சில் போட்டார்கள். இத்தனை வருஷ உழைப்புக்கு இதுதானா பலன் என்று யாரும் கேட்கலாம். லாபமில்லாத வருஷத்துக் கணக்கையும் ஒழுங்காக எழுதி வைக்கிற வியாபாரியிடம்தான் நான் பங்கு சேருவேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு விஷயத்தில் என் மனம் ஒரு நிலைக்கு வரவில்லை. 1980கள் வரை பச்சைக் குழந்தைக்கு, அதிலும் குறைமாதத்தில் பிறந்ததற்கு, வலி உணர்ச்சி சரியாக இராது, மயக்க மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்று எண்ணி, அசையாமலிருக்க மட்டும் மருந்து கொடுத்து அறுத்த மருத்துவமனைகள் உண்டு. அசைய முடியாத குழந்தை வலியை எப்படிக் காட்டும்? இந்தியாவிலிருந்து ஆக்ஸ்போர்டுக்குப் படிக்கப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற வைத்தியர் இதைச் சோதிக்க முன்வந்தார். ரணசிகிச்சைக்கு வந்த குறைமாதக் குழந்தைகளில் பாதிப் பேருக்கு வழக்கமான முறை. மீதிப் பேருக்கு அதோடு ஃபென்டனில் என்ற வலுவான வலி மருந்தும். மருந்து பெற்ற குழந்தைகளின் இரத்தத்தில் வேதனையின் அடையாளங்கள் குறைவு. பின்னால் வந்த சிக்கல்களும் குறைவு. 1987இல் இது வெளியானது. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் அதே வருஷம், பச்சைக் குழந்தைக்கும் மயக்க மருந்து வேண்டும் என்று அறிவித்தது. இன்று உலகமெங்கும் பச்சைக் குழந்தைகள் வலியில்லாமல் சிகிச்சை பெறுவதில் அந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் அந்த மற்றப் பாதிக் குழந்தைகள்? வலிக்கும் என்று சந்தேகிக்கிற ஒருவர், சந்தேகித்துக்கொண்டே, பாதிப் பேருக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைக்கலாமா? அப்பொழுதே இங்கிலாந்தில் இதைக் கண்டித்துப் பேசியவர்கள் இருந்தார்கள். அவர் அவர்களிடமிருந்து எதையும் பறிக்கவில்லை, அன்று மற்ற இடங்களில் என்ன கொடுத்தார்களோ அதையே கொடுத்தார் என்பது ஒரு பதில். ஃபென்டனில் கேடு செய்யுமா நன்மை செய்யுமா என்பது அன்று ஒருவருக்கும் நிச்சயமில்லை என்பது இன்னொரு பதில். இரண்டும் நியாயமான பதில்கள்தாம். அந்த ஆராய்ச்சி நடக்காமலிருந்தால் இன்னும் எத்தனை ஆயிரம் குழந்தைகள் அதே கதிக்கு ஆளாகியிருப்பார்கள் என்று எண்ணும்போது, நடந்ததே நல்லது என்றுதான் நானும் சொல்வேன். ஆயினும் அந்தப் பாதியில் என் பேரப்பிள்ளை ஒன்று இருந்திருந்தால் இதே வார்த்தையை இதே குரலில் சொல்லுவேனா என்றால், தெரியவில்லை.

இதை என் மருமகளிடம் சொன்னேன். அவள் தர்க்கம் பேசவில்லை. சென்ற மாதம் அவள் கேட்கப்போன ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பற்றிச் சொன்னாள். இரத்தம் எடுக்கும்போது அவன் கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துப் பார்க்கிற ஆராய்ச்சி. ஆபத்தென்று சொல்ல எதுவுமில்லை. தாய் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பையன் மட்டும் தலையை ஆட்டி வேண்டாம் என்றான். ஏன் என்று கேட்டாளா என்றேன். கேட்கவில்லையாம், காரணம் கேட்பதே பாதி வற்புறுத்தல் என்றாள். தாய் அவனை அதட்ட வாயெடுத்தபோது, "பரவாயில்லை அக்கா, அவன் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுட்டியாம்மா?" என்று கேட்டேன்.

"கிழிக்கக் கூடாது மாமா. எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் வேண்டாம்னாங்கன்னு அதுவும் கணக்குல வரணும்" என்றாள்.